கரண்டியைக் கீழே போடட்டும், விடுங்கள்

“ஒன்றரை வயசாச்சு, பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்கலாம்?” இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறவன், மனைவி நர்ஸ், அவருக்கு ஷிப்ட் மாறி மாறி வரும், அதனால் பகலில் பாதி நேரம் பாப்பா என்னோடும் அவளுடைய அப்பாயியோடும்தான். இதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை வளர்ப்பில் எனக்கு விவரம் தெரியும் என்று சொந்தக்காரர்களும் கூடப் படித்தவர்களும் முடிவு கட்டிவிட்டார்கள். கும்பகோணம், மன்னார்குடி பக்கமெல்லாம் இப்போது இரண்டு வயதிலேயே சேர்த்துக்கொள்கிற ப்ளே ஸ்கூல் போர்டுகள் நிறைய வந்துவிட்டன. எழுத்து அட்டை, பழ அட்டை, மிருக அட்டை எல்லாம் ஒரு கட்டாக விற்கிறார்கள். கல்யாண வீட்டில், காதுகுத்தில், நடக்கவே தள்ளாடுகிற பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்தி ஏ, பி, சி சொல்லச் சொல்கிறார்கள், அது பேந்தப் பேந்த விழிக்கிறது, அம்மாக்காரி முகம் வாடிப்போகிறது. அந்த வாட்டத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. வாட்ஸப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டுவதைவிட இங்கேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

மூன்று வயதுக்குள் பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டியது ஒன்றுமே இல்லை. அது கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும். வாய் திறந்து கேட்டால்தான் கேள்வி என்றில்லை, விரல் நீட்டுவது கேள்வி, கையிலிருப்பதை எறிவது கேள்வி, திரும்பி நம் முகத்தைப் பார்ப்பதும் கேள்விதான்.

எங்கள் வீட்டில் பழைய திண்ணை இன்னும் இருக்கிறது. அதன் ஓரத்தில் பாப்பா உட்காருவாள், பின்னால் நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். கையில் எவர்சில்வர் கரண்டி. கீழே போடுவாள், டங். உடனே என் முகத்தைப் பார்ப்பாள். எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடுவாள். கரண்டியை மாற்றிக் கொட்டாங்குச்சியைக் கொடுத்தேன், அது வேறு மாதிரி சத்தம் போட்டு உருண்டு ஓடியது, எங்கே போய் நிற்கிறது என்று குனிந்து எட்டிப் பார்த்தாள். அப்புறம் என் தோளில் கிடந்த துண்டை உருவிப் போட்டாள். சத்தமே இல்லை. போட்ட கையை அப்படியே நீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள், வரவேண்டிய சத்தம் வரவில்லை என்பது அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. “சத்தமே வரலையே!” என்றேன். துண்டை எடுத்துக் கொடுத்தேன். மறுபடி போட்டாள், காது கொடுத்துக் கேட்டாள். அடுத்துத் தானாகவே கையை நீட்டிக் கரண்டியைக் கேட்டாள், போட்டாள், டங் என்றதும் ஒரு சிரிப்பு.

உள்ளேயிருந்து அம்மா, “வேணும்னே பண்றா பாருடா இவ” என்று சத்தம் போட்டார். வேணும்னேதான் பண்ணுகிறாள், அதுதானே விஷயமே. போட்டால் எல்லாம் கீழேதான் போகுமா, எல்லாம் சத்தம் போடுமா, போட்ட பொருள் திரும்பி வருமா, அப்பா எத்தனை தடவை எடுத்துக் கொடுப்பார் என்று அத்தனையும் ஒரே நேரத்தில் சோதித்துப் பார்க்கிறாள். நாம் அட்டையைக் காட்டி “ஸ்பூன்” என்று சொல்லிக் கொடுத்தால் ஒரு பெயர் கிடைக்கும். திண்ணையிலிருந்து போட்டுப் பார்த்தால் கனம், சத்தம், தூரம், காரணம் எல்லாம் கிடைக்கும், கூடவே “கரண்டி” என்ற பெயரும்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே தன்னுடைய மூன்று பிள்ளைகளையும் கைக்குழந்தையிலிருந்து கிட்ட இருந்து கவனித்து எழுதியவர். ஒரு பொருளைத் துணியால் மூடிவிட்டால் சின்னக் குழந்தை அதைத் தேடுவதில்லை, எட்டு மாத வாக்கில்தான் துணியை விலக்கித் தேடத் தொடங்குகிறது, கண்ணில் படாத பொருளும் இருக்கத்தான் செய்கிறது என்ற எண்ணம் அப்போதுதான் உருவாகிறது என்றார். பின்னால், 1980களில், ரெனே பயார்ஜோன் என்ற ஆய்வாளர் கையால் தேட வைக்காமல் கண் எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பதை அளந்தார். மறைத்து வைத்த பொருளை ஊடுருவிக்கொண்டு ஒரு பலகை போவது போலக் காட்டினால் நாலைந்து மாதக் குழந்தைகள்கூட நடக்கக் கூடாத அந்தக் காட்சியையே கூடுதல் நேரம் பார்த்தன. கை தேடுவதற்கு முன்பே மனசுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. முந்தானையால் முகத்தை மூடி “பாப்பா எங்கே? தோ!” என்று அம்மாயிமார்கள் விளையாடுகிறார்களே, அது இதே விஷயத்தைத்தான் தொடுகிறது, அதனால்தான் பிள்ளைக்கு அது அலுப்பதே இல்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம், இரண்டு காப்பி டபராவும் ஒரு எலுமிச்சம்பழமும் போதும். பிள்ளை பார்க்கும்போதே பழத்தை முதல் டபராவால் மூடுங்கள், தேடி எடுக்கும். சில தடவை அப்படிச் செய்துவிட்டு, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது டபராவால் மூடுங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் இருக்கும் பல குழந்தைகள், கண்ணால் பார்த்த பிறகும், பழையபடி முதல் டபராவைத்தான் திறக்கும். இதுவும் பியாஜே கவனித்து எழுதியதே. ஒரு நாள் பாப்பா கை முதல் டபராவை நோக்கிப் போய், பாதியில் நின்று, இரண்டாவதுக்குத் திரும்பியது. யோசனை என்பது கண்ணுக்குத் தெரிகிற பொருளாக எனக்குக் கிடைத்தது அன்றைக்குத்தான். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்தார்.

பேச்சு விஷயத்துக்கு வருகிறேன், இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்கிற குழந்தைகளுக்கு இந்தியில் இருக்கிற ‘த’, ‘ட’ ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டையும் வேறுபடுத்திவிட்டன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது, ஏனென்றால் அவர்கள் வீட்டில் அந்த வித்தியாசம் யாருக்கும் தேவைப்படவில்லை. நமக்கோ தடியும் தட்டும் பாட்டும் பாதையும் நாள் முழுக்க வாயில் புழங்குகிற வார்த்தைகள். பிள்ளை முதல் வார்த்தை சொல்வதற்கு முன்பே, தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழிக்கு ஏற்றபடி காதைச் செதுக்கிக்கொண்டுவிடுகிறது. ஒரு வயது நிறைவதற்குள் மூளையின் அளவு பிறந்தபோது இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்பதையும் இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். “அதுக்கு என்ன புரியும்” என்று மௌனமாகவே குளிப்பாட்டி, மௌனமாகவே ஊட்டுவது எவ்வளவு பெரிய இழப்பு!

சரி, பேச்சுதானே, செல்போன் பேசாதா? அமெரிக்காவில் பட்ரீஷியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட சோதனை இதற்கு நேரான பதில். ஆங்கில வீட்டில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளோடு, மாண்டரின் சீனம் பேசுகிறவர்கள் நேரில் தரையில் உட்கார்ந்து, புத்தகம் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள், 12 அமர்வுகள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளை வேறுபடுத்தக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவி வழியாக மட்டும் கேட்ட குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. ஆள் எதிரே இருந்து, பிள்ளையின் கண் போன திசையில் தன் பேச்சையும் திருப்பினால்தான் அது உள்ளே போகிறது.

“செல்லைக் கையில கொடுத்தாத்தான் வாயே தொறக்கிறான்” என்று சொல்லாத வீடு இன்று குறைவு. சொல்கிற அம்மாக்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, மாமியார் வீட்டு வேலை, மாடு கன்று, நடவு நாளில் வயல், இதற்கு நடுவே ஒரு கிண்ணம் பருப்புசாதத்தை உள்ளே தள்ள முக்கால் மணி நேரம் ஆகிறது என்றால் யாருக்கும் அலுப்பு வரும். ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் குறைவானால் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் இரண்டு வயது வரை திரை வேண்டாம் என்றுதான் சொல்கிறது. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற அப்பாக்களோடு வீடியோ காலில் பேசுவதை இதில் சேர்க்க வேண்டாம். நம் பக்கத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்பா என்பதே அந்தச் சின்னத் திரைதான். அந்தப் பக்கம் இருக்கிறவர் பிள்ளை சிரித்தால் சிரிக்கிறார், கேட்டால் பதில் சொல்கிறார், கார்ட்டூன் அதைச் செய்வதில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து “அப்பா என்ன கேக்குறாங்க பாரு” என்று எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

அப்புறம், நம் கையில் இருக்கிற செல். 1970களில் எட்வர்ட் ட்ரானிக் என்பவர் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருக்கும் அம்மா திடீரென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் சில நிமிஷம் உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது, எதுவும் பலிக்காமல் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறது. வேலை செய்தியைப் படிக்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் பாப்பா விழித்திருக்கும் நேரத்தில் செல் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும், மணி அடித்தால் எழுந்து போய் எடுத்துக்கொள்ளலாம்.

நான் கற்றுக்கொண்டதிலேயே பயனுள்ளது காத்திருப்பதுதான். நாம் என்ன செய்கிறோம், “நாய் எப்படிக் கத்தும்? லொள் லொள்!” என்று நாமே கேட்டு நாமே பதிலும் சொல்லிவிடுகிறோம். பிள்ளைக்கு அந்தக் கேள்வி உள்ளே போய், தேடி, வாயோ கையோ அசைவதற்கு நேரம் வேண்டும். கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்தபடி சும்மா இருங்கள், மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், பத்து வரை எண்ணினாலும் தப்பில்லை. முதலில் ஒன்றுமே வராது. பிறகு கால் ஆடும், புருவம் உயரும், ஒரு “ப்பா” வரும், அதுவே பதில், அதை வாங்கிக்கொண்டு நீங்கள் அடுத்ததைச் சொல்லுங்கள்.

இந்தக் காத்திருப்பை நம் பாட்டிமார் ஒரு விளையாட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் உள்ளங்கையில் முழங்கையால் பருப்பு கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி அம்மாவுக்கு, அப்பாவுக்கு, தாத்தாவுக்கு என்று சோறு கொடுத்து, மிச்சத்தைக் கழுவி ஊற்றி, கடைசியில் இரண்டு விரலை நண்டு போல மணிக்கட்டிலிருந்து மேலே ஊர விட்டு அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவது. பாப்பாவுக்கு ஆறு மாதத்தில் அக்குளைத் தொட்ட பிறகுதான் சிரிப்பு வந்தது. அப்புறம் நண்டு முழங்கையைத் தாண்டும்போதே தோளைக் குறுக்கிக்கொள்ள ஆரம்பித்தாள். பின்னால், பருப்பு கடையத் தொடங்கும்போதே கண்ணில் சிரிப்பு வந்துவிட்டது, கடைசியில் என்ன வரப்போகிறது என்று முதலிலேயே தெரிகிறது. இப்போது என் கையைப் பிடித்து இழுத்து, தன் முழங்கையை என் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கிறாள், விரல்களை மடக்கத் தெரியவில்லை, எல்லாவற்றையும் ஒன்றாகப் பொத்திவிட்டு நேரே அக்குளுக்குப் பாய்கிறாள். வரிசை, எதிர்பார்ப்பு, ஞாபகம், முறை மாற்றிக்கொள்வது எல்லாம் இந்த ஒரு விளையாட்டில் இருக்கிறது. நண்டை முழங்கையில் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், போகவா வேண்டாமா என்று கேளுங்கள், பிள்ளையின் உடம்பே பதில் சொல்லும்.

நம் ஊரில் இதையெல்லாம் எப்போதோ கவனித்திருக்கிறார்கள் என்பதற்கு, தெய்வத்தையோ பெரியவர்களையோ குழந்தையாக வைத்துப் பாடும் பிள்ளைத்தமிழ் நூல்கள் சாட்சி. ஐந்தாம் மாதம் செங்கீரை (கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது), ஒன்பதாம் மாதம் கை தட்டிச் சப்பாணி கொட்டுவது, பதின்மூன்றாம் மாதம் நடந்து வருவது, பதினைந்தாம் மாதம் அம்புலியைக் கூப்பிடுவது, பதினேழாம் மாதம் சிற்றில் (மணல் வீட்டு விளையாட்டு) என்று மாதக் கணக்கோடு பருவம் பிரித்திருக்கிறார்கள். இன்றைய மருத்துவர் வைத்திருக்கும் வளர்ச்சி அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரொம்பத் தூரம் விலகவில்லை.

காசு இருந்தால்தான் பிள்ளை அறிவாக வளரும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஜமைக்காவில், கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில், 1986-87இல் சாலி கிரந்தம்-மெக்ரெகர் தொடங்கிய வேலையை அவர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஊட்டம் குறைந்து வளர்த்தி குன்றிய 129 குழந்தைகள், ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள். சிலருடைய வீட்டுக்கு உள்ளூர் சுகாதாரப் பணியாளர் பெண்கள் வாரம் ஒரு தடவை, ஒரு மணி நேரம், இரண்டு வருஷம் போனார்கள். வீட்டில் தூக்கி எறிகிற சாமான்களிலிருந்து செய்த பொம்மைகளை வைத்துக்கொண்டு, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று அம்மாவுக்குக் காட்டினார்கள். அவ்வளவுதான். 20 வருஷம் கழித்துப் பார்த்தால், அப்படிக் கவனிக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள், 2014இல் சயன்ஸ் இதழில் வந்தது.

காலி பாட்டிலில் கொஞ்சம் நெல்லைப் போட்டு மூடியை இறுக்கினால் கிலுகிலுப்பை. (மூடியைப் பெவிகுவிக் வைத்து ஒட்டிவிடுங்கள், நெல் தொண்டையில் சிக்கினால் ஆபத்து.) கிண்ணத்துக்குள் கிண்ணம், டம்ளருக்குள் டம்ளர், குளிக்கும்போது ஒரு குவளையும் ஒரு ஓட்டை டப்பாவும். காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் சக்கரம் வைத்த வாக்கரை விட்டுவிட்டு ஆசாரியிடம் சொல்லி ஒரு நடைவண்டி செய்து வாங்குங்கள். வாக்கரில் பிள்ளை உட்கார்ந்து தொங்கிக்கொண்டு ஓடுகிறது, நடக்கக் கற்பதை அது வேகப்படுத்துவதில்லை, படியில் உருண்டு விழுந்த விபத்துகள் அதிகமாகி கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. நடைவண்டியைப் பிடிக்கத் தானாக எழுந்து நிற்க வேண்டும், தள்ளினால் போகும், சுவரில் முட்டினால் நிற்கும், அப்புறம் எப்படித் திருப்புவது என்று அதுவே மண்டையைக் குடைந்துகொள்ளும். பாப்பா முதலில் முட்டி நின்றதும் அழுதாள், நான் திருப்பிவிடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து “சுவர் வந்துடுச்சே, இப்ப என்ன பண்றது?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நாளில் வண்டியைப் பின்னால் இழுக்கக் கண்டுபிடித்தாள்.

தடவிப் பார், போட்டுப் பார் என்று விடுவதற்கு இடம் பத்திரமாக இருக்க வேண்டும், டெல்டாவில் அதற்கு முதல் அர்த்தம் தண்ணீர். கொல்லைத் தொட்டி, குளியலறை வாளி, ஜூன் 12 மேட்டூர் திறந்து கொஞ்ச நாளில் வாசலுக்கு எதிரே நிறைந்து ஓடும் வாய்க்கால். வாளியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலே தலைகுப்புற விழுந்த குழந்தைக்குப் போதும். வாளியைக் கவிழ்த்து வையுங்கள், வாசலுக்கும் கொல்லைக்கும் குறுக்கே பலகை அடியுங்கள், உள்ளே இருக்கிற இடத்தில் பிள்ளையைத் தாராளமாக விடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. மூளைக்கு இரும்புச்சத்து வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சோர்ந்து கிடக்கிற பிள்ளை எதையும் எடுத்துப் பார்க்காது, போட்டும் பார்க்காது. ஆறு மாதத்துக்குப் பிறகு கீரையும் முட்டையும் மீனும் மசித்துக் கொடுங்கள், அங்கன்வாடியில் தருகிற சத்து மாவை மாட்டுக்குப் போடாதீர்கள், வாரம் இரண்டு தடவை இரும்புச்சத்து சிரப் தரச் சொல்கிற கிராம சுகாதார செவிலியர் சொல்வதைக் கேளுங்கள்.

அங்கன்வாடி என்றதும் “அது சோறு போடுற இடம்” என்று ஒதுக்குகிறவர்கள் நம்மில் நிறைய. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய திட்டம், நம் தெருமுனை வரை வந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை பிள்ளையோடு வீட்டில் என்ன விளையாடலாம் என்று 36 மாதத்துக்கும் மாதவாரியாக ஒரு வழிகாட்டியை மத்திய அரசு 2024இல் நவசேத்னா என்ற பெயரில் கொண்டுவந்தது, அதில் 140 விளையாட்டுகள். உங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சரிடம் போய்க் கேளுங்கள். நாலு அம்மாக்கள், ஒரு அப்பாவும் வந்தால் ரொம்ப நல்லது, சேர்ந்து போய்க் கேட்டால் டீச்சருக்கும் உற்சாகம் வரும்.

கடைசியாக, பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். சொந்தத்தில் கட்டிக்கொள்வது நம் பக்கம் இன்னும் சாதாரணம், அதனால் பிறவியிலேயே காது கேளாத குழந்தைகள் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. காது கேட்காவிட்டால் நான் மேலே சொன்ன பேச்சு எதுவும் பிள்ளைக்குப் போய்ச் சேராது. ஆறு மாதத்தில் சத்தம் வந்த பக்கம் திரும்பவில்லை, ஒரு வயதில் மழலையும் இல்லை விரல் நீட்டுவதும் இல்லை, 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை என்றால் உடனே காட்டுங்கள். “எங்க வீட்ல எல்லாருக்குமே பேச்சு லேட்டுதான்” என்று அத்தையோ பெரியம்மாவோ சொல்வார்கள், பாசத்தில்தான் சொல்கிறார்கள், தலையாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மாவட்ட அளவில் அரசு ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, அங்கே காதையும் பார்ப்பார்கள், வளர்ச்சியையும் பார்ப்பார்கள். காதுக்குள் ஒரு கருவியைப் பொருத்திக் கேட்க வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்கு உண்டு, எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. பிறந்த குழந்தைக்கே காது கேட்கிறதா என்ற பரிசோதனை செய்யலாம், வலிக்காது, பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்போதே சில நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள்.